கரியடுப்பு ஏன் ஓட்டையாகிறது? லயன் வீட்டில் அடுப்பையும் ஆட்களையும் காப்பது பற்றி

2022 ஏப்ரல் மாதம் 12.5 கிலோகிராம் சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவாக உயர்ந்தது. அன்று தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. அதாவது ஐந்து நாள் கொழுந்து பறித்தால் ஒரு சிலிண்டர். அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2021இன் இறுதியில், எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் நாடெங்கிலுமிருந்து வந்துகொண்டிருந்தன. பயமும் விலையும் சேர்ந்து பலரை மீண்டும் விறகுக்கும் கரிக்கும் தள்ளின.

நான் பதுளையில் சிறிய வெல்டிங் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். கேற், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்ட் என்பவைதான் வழமையான வேலை. 2022இலிருந்து அடுப்புகளும் வரத் தொடங்கின. பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தகரக் கரியடுப்புகள் வரும். எல்ல பக்கத்துச் சுற்றுலா விடுதிகளிலிருந்து மூடி போட்ட உருண்டைக் கரி கிரில்கள் வரும். அவற்றைக் கொண்டுவருபவர்களும் பெரும்பாலும் நமது தோட்டத்துப் பிள்ளைகள்தான். பகலில் விடுதிச் சமையலறையில் வேலை, இரவில் லயனுக்குத் திரும்புதல். இரண்டு அடுப்புக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் கெட்டுப்போகும் காரணம் ஒன்றேதான். அதை விளங்கிக்கொண்டால் ஆறு மாதத்தில் ஓட்டையாகும் அடுப்பைப் பல வருடங்கள் பாவிக்கலாம். அதைவிட முக்கியமாக, அடுப்பால் வரும் தீயையும் நச்சுப் புகையையும் தவிர்க்கலாம்.

வடக்கில் இருக்கும் வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் மரத்தூளிலும் உமியிலும் சிரட்டையிலும் சமைத்தவர்கள் நீங்கள். 1977க்கும் 1983க்கும் பின்னர் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள், 2009இல் மெனிக்பாம் முகாமில் மறுபடியும் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டின. இடம்பெயர்ந்த குடும்பம் எந்த இடத்தில் இறங்கினாலும் முதலில் தேடுவது அடுப்புக்கு ஒரு மூலையைத்தான். ஆகவே இதை மலையகத்துக்கு மட்டும் உரிய விடயமாக நான் எழுதவில்லை.

கரியின் சூடு எவ்வளவு?

விறகு எரியும்போது சுவாலை உயரமாக எழும்பும்; சூடு பரந்துபோகும். கரிக்குச் சுவாலை குறைவு. அதன் சூடு முழுவதும் ஒரு சிறிய இடத்தில் குவிந்து நிற்கும். சாதாரண காற்றோட்டத்தில் தணலின் மேற்பரப்பு 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சூடாகும். ஊதினால் அல்லது சின்ன மின்விசிறி பூட்டினால் 1,000 பாகையைத் தாண்டும். கொல்லன் துருத்தி ஊதி இரும்பை வளைப்பதும் இந்தச் சூட்டில்தான்.

இனி அடுப்பின் பக்கத்தைப் பாருங்கள். இரும்பு 500 பாகையைத் தாண்டும்போது இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கும். 600 பாகையளவில் அதன் பலம் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள ஒட்சிசன் இரும்பைத் தின்னும். மேலே கறுப்புச் செதிள் பிடிக்கும். அடுப்பு ஆறும்போது செதிள் உதிரும். அடுத்த நாள் புதிய இரும்பு வெளியே வந்து அதுவும் செதிளாகும். இப்படி ஒவ்வொரு சமையலுக்கும் தகரம் மெலிகிறது. பிஸ்கட் டின்னின் தகரம் கால் மில்லிமீற்றர் அளவுதான். எண்ணெய்ப் பீப்பாய்த் தகரம் ஒரு மில்லிமீற்றர் அளவு. எது முதலில் ஓட்டையாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதலாவது விதி இதுதான்: தணல் தகரத்தைத் தொடக்கூடாது. பட்டறைக்கு வரும் பத்து அடுப்பில் ஏழு எட்டு, தணல் நேரடியாகச் சுவரில் சாய்ந்து கிடந்த இடத்தில்தான் ஓட்டையாகியிருக்கும். கரியை நடுவில் குவியுங்கள். சுவருக்கும் கரிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஒரே தடவையில் நிறையக் கொட்டாமல் தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரு குடும்பத்துக்குச் சோறும் ஒரு கறியும் ஆக்க, அடுப்பு நிறையக் கரி தேவைப்படாது. மேலதிகமாகப் போடும் கரி அடுப்பைத்தான் சமைக்கிறது.

சாம்பல் தட்டு நிரம்பினால்

கரி கிடக்கும் கம்பித் தட்டு ஏன் உருகி வளைகிறது என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலும் விடை அதன் கீழே இருக்கும். கீழ்த் துவாரத்தால் வரும் குளிர்ந்த காற்று கரியை எரிப்பதோடு கம்பியையும் குளிர வைக்கிறது. சாம்பல் குவிந்து கம்பியைத் தொட்டுவிட்டால் காற்று வராது. கம்பிக்கு மேலும் சூடு, கீழும் சூடு. அது சிவந்து, தொய்ந்து, கடைசியில் அறுந்துவிடும். தேயிலை இஸ்டோரில் அடுப்புப் போடும் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். காய்ச்சும் சூளையின் சாம்பலை வாரி எடுப்பது அவருடைய அன்றாட வேலை. சூளைக் கம்பிகள் நிலைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாம்பலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் காரமும் உப்பும் இருக்கின்றன. நமது பாட்டிமார் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கியதும் அந்தக் காரத்தினால்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஊவாவில் வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் காற்றே ஈரம். அடுப்புக்குள் கிடக்கும் சாம்பல் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நனைந்த சாம்பல் அலுமினியத்தையும் நாகப் பூச்சையும் அரிக்கும். அதன் உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தீயில் தப்பிய அடுப்பு மழைக்காலத்தில் அடியிலிருந்து உக்கிப்போவது இதனால்தான்.

ஆகவே அடுப்பு நன்றாக ஆறிய பின்னர் சாம்பலை முழுதாக வாருங்கள். தணல் சாம்பலுக்கு அடியில் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடும். ஆறிவிட்டது என்று நினைத்து உரப் பையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கொட்டி இஸ்தோப்பில் வைப்பது ஆபத்து. மூடியுள்ள தகர வாளியில் கொட்டி, வீட்டுக்கு வெளியே, விறகுக் கட்டுக்குத் தூரமாக இரண்டு நாள் வையுங்கள். அதன் பிறகு மரக்கறித் தோட்டத்துக்குப் போடலாம்.

கல்வனைஸ் தகரத்தில் அடுப்பு வேண்டாம்

கூரைத் தகரத்தின் மிச்சத் துண்டிலும் பழைய வாளியிலும் அடுப்புச் செய்து தரும்படி சிலர் கேட்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. அந்தத் தகரத்தின் மேல் இருப்பது நாகம், அதாவது துத்தநாகம். பூப்போட்டதுபோல் மினுங்கும் தகரம் என்றால் அதுதான். நாகம் 420 பாகையளவில் உருகும். 907 பாகையில் கொதித்து ஆவியாகும். கரி அந்தச் சூட்டை எட்டக்கூடியது. அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சு இறுக்கம் வரும். வெல்டிங் வேலை செய்பவர்கள் இதை நன்றாக அறிவோம். எங்கள் தொழிலில் இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். பூச்சுப் போன பின்னர் அந்தத் தகரமும் வேகமாகத் துருப்பிடிக்கும். பெயின்ற் டின், பூச்சிமருந்து டின், இரசாயனப் பீப்பாய் என்பவையும் சமையலுக்கு ஆகாதவை. அலுமினியப் பாத்திரத்தையும் அடுப்பாக்க முடியாது. அது 660 பாகையில் உருகிவிடும்.

விசிறி பூட்டிய கரியடுப்புகள் 2022க்குப் பிறகு பல வீடுகளில் இருக்கின்றன. அவை கரியை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் காற்று கூடினால் சூடும் கூடும். தண்ணீர் கொதித்ததும் விசிறியைக் குறையுங்கள். விசிறிக்கும் அடுப்புக்கும் இடையில் ஒரு முழ நீளத்துக்காவது இரும்புக் குழாய் இருக்க வேண்டும். சமைத்து முடிந்து விசிறி நின்றவுடன் சூடு அந்தக் குழாய் வழியாகத் திரும்பி வரும். அந்த நேரத்தில்தான் பிளாஸ்டிக் விசிறி உருகுகிறது. விசிறியைக் கழற்றி எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள்

கரி விலை கூடக் கூட, மிச்சக் கரியைத் தண்ணீர் தெளித்து அணைத்து எடுத்து வைக்கும் பழக்கமும் கூடியிருக்கிறது. கரியை மிச்சம் பிடிப்பது நல்லது. ஆனால் அடுப்புக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது கூடாது. ஒரு மீற்றர் இரும்புத் தகரம் 500 பாகை சூடானால் ஆறு மில்லிமீற்றர் நீளும். தண்ணீர் பட்ட இடம் மட்டும் ஒரே நொடியில் சுருங்க, பக்கத்து இடம் நீண்டபடியே நிற்கும். தகரம் நெளியும், ஒட்டு விடும். மண் அடுப்பானால் வெடிப்பு விழும். எழும்பும் நீராவி கையையும் முகத்தையும் சுடும். தணலை இடுக்கியால் எடுத்து மூடியுள்ள ஒரு தகர டின்னில் போட்டு இறுக மூடுங்கள். காற்றில்லாமல் தானாக அணையும். அடுத்த நாள் அதே கரி சீக்கிரம் பற்றும்.

எல்ல விடுதிகளின் உருண்டைக் கிரிலுக்கும் இதே விதிதான். இந்த வகைக் கிரிலை 1952இல் அமெரிக்காவின் சிக்காகோவில் ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர், கடலில் மிதக்கவிடும் உருண்டை மிதவையை இரண்டாக வெட்டி உருவாக்கினார். தான் வேலை செய்த வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையின் பெயரையே அதற்கு வைத்தார். அதன் கறுப்புப் பளபளப்பு பெயின்ற் அல்ல. 800 பாகையளவில் இரும்போடு உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சு. கண்ணாடி சூட்டைத் தாங்கும். திடீர்க் குளிரைத் தாங்காது. சூடான மூடியில் மழை பெய்தாலோ ஈரத்துணி வைத்தாலோ சில்லுச் சில்லாகத் தெறிக்கும். தெறித்த இடத்தில் துரு தொடங்கும். அணைப்பதற்கு மேல் துவாரத்தையும் கீழ்த் துவாரத்தையும் மூடினால் போதும். கொழுப்பு வழிந்து பற்றிக்கொண்டாலும் அதையே செய்ய வேண்டும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். விடுதியில் வேலை செய்யும் தம்பிமாருக்கு நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். உடைந்த கிரிலுக்குச் சம்பளத்தில் காசு வெட்டும் முதலாளிமாரும் இருக்கிறார்கள்; எரிந்த கைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

தகரத்துக்கு உள்ளே மண்

தகர அடுப்பைக் காப்பதற்கு மிகச் சிறந்த வழி, தணலுக்கும் தகரத்துக்கும் இடையில் மண் சுவர் ஒன்று வைப்பதுதான். தேயிலை இஸ்டோரின் சூளைக்குள் தீச்செங்கல் கட்டியிருப்பதும் இதற்காகத்தான். தாய்லாந்தின் வாளி அடுப்பு இந்த முறையில் அமைந்தது. அதைப் பின்பற்றி 1980களின் தொடக்கத்தில் கென்யாவில் உருவான, உள்ளே சுட்ட மண் பதித்த ஜிகோ அடுப்பு ஆபிரிக்காவின் பல நாடுகளுக்கும் பரவியது. கரியும் குறைவு, தகரமும் பாதுகாப்பு.

எனது பட்டறையில் நான் பாவிக்கும் கலவை இது: இரண்டு பங்கு புற்றுமண் அல்லது நல்ல களிமண், ஒரு பங்கு பழைய ஓட்டை இடித்துச் சலித்த தூள், ஒரு பங்கு உமிச் சாம்பல். ஆற்று மணலை அதிகம் சேர்க்க வேண்டாம். மணலில் உள்ள படிகக்கல் 573 பாகையில் திடீரென்று பருக்கும். சூடாகும் ஒவ்வொரு முறையும் மண்ணை உள்ளிருந்து தள்ளி வெடிக்க வைக்கும். ஓட்டுத் தூள் ஏற்கனவே சுட்டது, சும்மா கிடக்கும். உமிச் சாம்பல் சூட்டை வெளியே விடாது. கலவையைச் சப்பாத்தி மா பதத்துக்குப் பிசைந்து, ஓர் அங்குலக் கனத்துக்கு உட்புறம் அப்புங்கள். வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் நிழலில் காய விடுங்கள். ஊவாவின் மழைக் குளிரில் இரண்டு வாரமும் ஆகலாம். பிறகு முதல் நாள் சின்னத் தீ, இரண்டாம் நாள் கொஞ்சம் பெரிய தீ. மண்ணுக்குள் இருக்கும் ஈரம் நீராவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு பருக்கும். வெளியேற வழி கிடைக்காவிட்டால் மண்ணைப் பிளந்துகொண்டுதான் வரும். ஈரமான ஆற்றுக் கல்லில் அடுப்பு வைத்தால் கல் வெடிப்பதும் இதனால்தான்.

சீமெந்து பூசினால் பலமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண சீமெந்து 400, 500 பாகையில் தன் பிடிப்பை இழந்து பொடியாகத் தொடங்கும். தீப்படும் இடத்தில் அது கூடாது.

விறகுக்கு வேறு அடுப்புத் தேடுபவர்களுக்கு "அனகி" அடுப்பு நல்லது. ஒரே வாயில் விறகு வைத்து இரண்டு பானை வைக்கும் சுட்ட மண் அடுப்பு அது. 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்டு, 1990களில் குயவர்கள் ஊடாகக் கடைகளுக்கு வந்தது. மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவாகச் செல்லும். கவ்வாத்து வெட்டிய மிலாறு அதற்கு நன்றாகப் பொருந்தும்; ஆனால் மிலாறைக் காய வைத்துத்தான் எரிக்க வேண்டும். இந்த அடுப்பை வாங்கி அப்படியே தரையில் வைத்துப் பாவித்தால் சீக்கிரம் வெடிக்கும். சுற்றிவரக் களிமண், சாணம், உமி கலந்து கனமாக அப்பிவிட்டால் உள்ளும் புறமும் ஒரே சீராகச் சூடாகும், வெடிப்புக் குறையும். மாதத்துக்கு ஒரு முறை மெழுகும்போது மயிர்க்கோடு வெடிப்புகளையும் அடைத்துவிடுங்கள்.

அடுப்பைவிட முக்கியமானது

பல லயன்களில் இன்றும் ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு, ஒரு சின்ன ஜன்னல்தான். முதுகோடு முதுகு ஒட்டிய லயனில் பின்பக்கம் காற்றே வராது. மார்கழிக் குளிரில் தணலை உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு படுக்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கரியிலிருந்து புகை தெரியாவிட்டாலும் காபனோரொட்சைட்டு வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைசுற்று, வாந்தி, பிறகு மயக்கம். நித்திரையில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகள் தெரிய வாய்ப்பே இல்லை. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடி வந்தால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

புகைக்குழாய் வைப்பவர்கள் கூரை மரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். நாள்தோறும் சூடுபடும் மரம், வருடங்கள் போகப் போகக் குறைந்த சூட்டிலும் பற்றும் நிலைக்கு வந்துவிடும். குழாய்க்குள் படியும் கரியை மாதம் ஒரு முறை தட்டி எடுங்கள். அடுப்புக்கு மேலே விறகு காயப்போடுவதாக இருந்தால், அடுப்பு எரியும்போது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இருபது வீடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் லயனில் ஒரு வீட்டுத் தீ இருபது வீட்டுத் தீதான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசி எல்லாம் ஒரே இரவில் போய்விடும். 1983 ஜூலையில் பதுளை எரிந்தபோது கடதாசிகளை இழந்தவர்களுக்கும், வன்னியில் ஓடி ஓடி இழந்தவர்களுக்கும், அவற்றைத் திரும்ப எடுக்க எத்தனை கந்தோர் ஏற வேண்டும் என்பது தெரியும். ஆவணங்களை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில், அடுப்புக்குத் தூரமாக வையுங்கள்.

மண் அப்பிய அடுப்பும், வாரிய சாம்பலும் ஒரு குடும்பத்தைக் காக்கும். ஆனால் ஜன்னல் இல்லாத காம்பராவுக்கு ஜன்னல் வைப்பதும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனியான குசினியும் புகைக்கூண்டும் கட்டுவதும் தொழிலாளியின் தலையில் விழ வேண்டிய செலவல்ல. பெருந்தோட்டக் கம்பனிகளிடமும் அரசாங்கத்திடமும் வீடு கேட்கும்போது சுவரையும் கூரையையும் கேட்பதோடு நிற்க வேண்டாம். அடுப்பு எங்கே வரும், புகை எந்த வழியால் போகும் என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். வீடு கட்டிய பிறகு சுவரை உடைத்துக் குழாய் வைக்க என்னிடம் வரும் குடும்பங்கள் நிறைய. அத்திவாரம் போடும்போதே கேட்டிருந்தால் அவர்களுக்கு அந்தச் செலவு இல்லை.